அருமையும் பெறுமதியும்

தமிழில் 'அருமை' என்னுஞ் சொல் கிடைத்தற்கு அரிதாந் தன்மையையும் குறிக்கும், சிறப்பையும் குறிக்கும். அரியது சிறந்ததாகவும் இருக்கும் என்ற எண்ணம் நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கிறது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மையானது? நிற வைரங்களின் வணிகத்தை உரைகல்லாகக் கொண்டு இதனைச் சோதிக்கலாம்.

வெள்ளை வைரத்தில் மஞ்சட் சாயல் சிறிது தென்பட்டாலும் மதிப்பிடுவோர் விலையைக் குறைப்பர். சாயல் கூடக்கூட விலை இறங்கும். ஆயின் மஞ்சள் ஓர் எல்லையைக் கடந்து அழுத்தமாகிவிட்டால், கல் 'நிற வைரம்' என்ற வேறு வரிசையிற் சேர்ந்துவிடும். அதன்பின் நிறம் கூடக்கூட விலையும் ஏறும். இரு நிலையிலும் மஞ்சளைத் தருவது பெரும்பாலும் நைதரசனே.

மேற்கு அவுஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 1983 முதல் 2020 வரை இயங்கியது. உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டவை அங்கிருந்தே வந்தன. ஆனால் அங்கே அகழப்பட்டவற்றுட் பெரும்பகுதி கபில நிறக் கற்கள். பூமியின் ஆழத்தில், பேரழுத்தத்தால் பளிங்கின் அணுவடுக்கு உருக்குலைவதனாலேயே இவ்விரு நிறங்களும் பிறக்கின்றன என்பர் அறிவியலாளர். பிறப்பு ஒன்றாயினும் இளஞ்சிவப்பு ஏலத்துக்குப் போயிற்று. கபிலமோ நெடுங்காலம் தொழிற்கருவிகளுக்கே உரியதென ஒதுக்கப்பட்டது. பின்னர் வணிகர் அதற்கு 'ஷாம்பேன்', 'கொன்யாக்' என மதுவகைகளின் பெயர்களைச் சூட்டி ஆபரணக் கடைக்கு அனுப்பினர்.

"அரிதானதற்கு விலை அதிகம், இதில் வியப்பென்ன?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தென்னாபிரிக்காவில் அகழப்பட்ட 59.60 கரட் இளஞ்சிவப்பு வைரமொன்று 2017இல் ஹொங்கொங்கில் 7 கோடி டொலருக்கு மேல் விலைபோனதற்கு அரிதாந் தன்மையே முதற் காரணம். ஆயினும் ஆர்கைல் சுரங்கம் தோண்டப்பட்ட இடத்தை நினைத்துப் பாருங்கள். அது கீஜா, மிரியுவுங் குலப் பெண்களின் புனிதத் தலம். வலையிலிருந்து தப்பிய பரமுண்டி மீனின் செதில்களே அங்கு வைரங்களாயின என்பது அவர்தம் மரபுக்கதை. அத்தகைய தலம் உலகில் ஒன்றே ஒன்று. எந்த வைரத்திலும் அரியது. சுரங்கம் அதனை அழித்தது. அம்மக்களுடனான விரிவான உடன்படிக்கை 2005இலேயே பதிவாயிற்று.

ஆகவே சந்தை போற்றுவது அரியது அனைத்தையும் அன்று. பணமுடையவர் வாங்கித் தமதெனப் பூட்டிவைக்கத்தக்க அரியதையே.

இது நம் காலத்துக்கு மட்டும் உரிய செய்தியுமன்று. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆணும் பெண்ணும் சிறுவருமாக ஏறத்தாழ 60,000 பேர் உழைத்ததாகப் பதினேழாம் நூற்றாண்டில் அங்கு சென்ற பிரெஞ்சு வணிகர் தவர்ணியே எழுதினார். இந்தியாவில் அவர் வாங்கிய நீல வைரம் 1668இல் பதினான்காம் லூயி மன்னனிடஞ் சென்றது. அதிலிருந்து வெட்டப்பட்ட 45.52 கரட் கல் இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் 'ஹோப்' என்ற பெயருடன் இருக்கிறது. ஹோப் என்பது பிற்காலத்தில் அதனை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர். மண்ணைத் தோண்டியவருள் ஒருவர் பெயரேனும் நமக்கு எட்டவில்லை. அவர்களும் ஒவ்வொருவராக, மறுபடி பிறவாத தனி மனிதரே.

'அருமை' என்பதற்குக் கடினம் என்ற பொருளும் தமிழில் உண்டு. ஒரு கல்லின் பெறுமதியைக் கேட்கும்போது, அது எத்துணை அரிது என்று கேட்பதோடு, அதனைக் கொணர்ந்தவர் பட்ட அருமை எத்துணை என்றும் கேட்க நம் மாணவர் பழகவேண்டும்.