பிடியும் பற்றும்

கோலேந்தி ஆடுவோர் அதனைக் கைநழுவ விடலாகாது என்பது ஆடற்கலையின் முதற்பாடம். ஆயின், எவ்வளவு இறுகப் பிடிப்பது? இவ்வினா கலைக்கு மட்டுமன்று, வாழ்வுக்கும் உரியது.

ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளி மேடைகளில் மாணவியர் ஆடும் கோலாட்டத்தைக் காண்க. பிடி நெகிழ்ந்தால் கோல் பறந்து அடுத்தவள்மேல் படும். இறுகினாலோ மணிக்கட்டு விறைக்கும், ஓசை மழுங்கும். பின்னல் கோலாட்டத்தில் நிலை இன்னும் நுட்பமானது. உச்சியிலிருந்து தொங்கும் கயிறும் கையில் இருக்கும். ஒருத்தி கயிற்றை விட்டாலும் பின்னல் குலையும்; வலிந்து இழுத்தாலும் அது கோணும்.

அம்மாநிலத் தோட்டங்களில் இரப்பர் மரம் சீவியோரும் இதனை அறிவர். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். ஆழாவிடில் பால் குறையும்.

‘பற்று’ என்னும் தமிழ்ச்சொல் கைப்பிடியையும் குறிக்கும். உள்ளத்து ஈடுபாட்டையும் குறிக்கும். பற்றை விடுதற்கும் ஒரு பற்றையே துணையாகக் காட்டினார் வள்ளுவர், துறவு அதிகாரத்தில். எனவே பிடிப்பதா விடுவதா என்பதன்று வினா. யார்பொருட்டுப் பிடிக்கிறோம் என்பதே.

தொடக்கத்தில் மாணவி கோலை இறுக்குவது அச்சத்தால். தான் தவறிவிடலாகாதே என்னும் எண்ணமே அவள் கையை விறைக்கச் செய்கிறது. எதிரில் ஆடுபவளின் கோல் வந்து சேரும் இடத்தை அவள் நோக்கத் தொடங்கும்போது விரல்கள் தாமே அளவறிகின்றன. மாணவரை ஆசிரியர் பற்றும் பற்றும் இத்தகையதே. தம் பெயர்பொருட்டு இறுக்கினால் எதிரொலி மட்டுமே எழும். கவலையின்றி விட்டால் பிள்ளை வழிதவறும். பிறர் நலம் கருதும் பிடியே உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே உடையது.