பூச்சியமும் 255உம்

பழைய மசி ரக்டர்களில் ஒயில் மீற்றரின் ஊசி பூச்சியத்தில் கிடப்பது கிளிநொச்சிப் பக்கம் புதினமில்லை. எஞ்சின் ஓடும், பின்னால் கலப்பை மண்ணைப் புரட்டும், ஊசி மட்டும் அசையாது. ஓட்டுகிற அண்ணையிடம் கேட்டேன். "அது செத்துக் கனகாலம், தம்பி. அது பூச்சியம் காட்டினால் உள்ளுக்கையும் பூச்சியமே?" என்றார்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் வாகனம் பழகியவர் அவர். 1990களில் வன்னிக்கு எரிபொருள் வராதபோது பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மீற்றர்களை நம்ப முடியாத காலம். சத்தம், புகையின் நிறம், கையில் படும் சூடு, இவைதான் அளவுகள். செத்த ஊசி வேறு, வற்றிய ஒயில் வேறு என்று அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

இயந்திரத்துக்கு அது தெரியாது. யாராவது சொல்லிவைக்க வேண்டும்.

*

வேலை சிறியது. அண்ணை ஓட்டும் ரக்டரில் கணினி இல்லை. ஒயில் அமுக்கம், தண்ணீரின் சூடு, எஞ்சின் சுற்று, பற்றரி வோல்ற் ஆகிய நான்கையும் அளந்து காலபோக உழவு முடியும்வரை பதிந்துவைக்க வேண்டும். சென்சர்களின் வயர்களை வாங்கி எண்ணாக்குவது ஒரு சிறு பெட்டி, உள்ளீட்டு மொடியூல். அந்த எண்களை எழுதிவைப்பது இன்னொரு பெட்டி, பதிவுக்கருவி. நடுவே முறுக்கிய ஒரு சோடி வயர். அதுதான் கான் பஸ்.

போஷ் நிறுவனம் 1983இல் உருவாக்கத் தொடங்கி 1986இல் டெட்ராய்ற்றில் அறிமுகப்படுத்திய முறை அது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வயர் இழுக்காமல், எல்லாக் கருவிகளும் ஒரே சோடி வயரில் பேசிக்கொள்ளும். வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீற்றரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் தடை விடுபட்டிருக்கிறது. இங்கே குறையை எண்ணே சொல்லிவிடுகிறது. சென்சர் பக்கம் அவ்வளவு இலகுவில்லை.

*

ஒயில் அமுக்கச் சென்சருக்கு மூன்று வயர்கள். 5 வோல்ற் ஒன்று, நிலம் ஒன்று, அளவைக் கொண்டுவரும் வயர் ஒன்று. அமுக்கமே இல்லாதபோது அது 0.5 வோல்ற் தரும். 10 பார் அமுக்கத்தில் 4.5 வோல்ற். நடுவில் நேர்கோடு, 2.5 வோல்ற் வந்தால் 5 பார்.

பூச்சிய அமுக்கத்துக்குப் பூச்சிய வோல்ற் வைத்திருக்கலாமே என்று தோன்றும். வைத்திருந்தால் எஞ்சின் நின்றாலும் பூச்சியம், எலி வயரைக் கடித்தாலும் பூச்சியம். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் ஒரு குரல் வேண்டும் என்று யாரோ யோசித்து அந்த அரை வோல்ற்றை ஒதுக்கியிருக்கிறார்கள். 0.5 வந்தால் சென்சர் உயிரோடிருக்கிறது, அமுக்கம்தான் இல்லை. 0 வந்தால் பேசுவதற்கு அங்கே ஆளே இல்லை.

அறுந்த வயர் எப்போதும் 0 காட்டும் என்றும் நம்ப முடியாது. எதனோடும் கட்டப்படாத உள்ளீடு பக்கத்து வயர்களின் இரைச்சலை வாங்கி 1.8 வோல்ற் என்றுகூடச் சொல்லும். கணக்குப் போட்டால் மூன்றேகால் பார்; ஓடுகிற எஞ்சினுக்குப் பொருத்தமான அமுக்கம். அதனால் உள்ளீட்டை மெல்லக் கீழே இழுத்துப் பிடிக்கும் பெரிய தடையொன்றை மொடியூலின் அமைப்பில் தெரிவுசெய்கிறேன். சென்சர் இருக்கும்வரை அந்தத் தடை ஒன்றும் செய்யாது. சென்சர் போய்விட்டால், போய்விட்டது என்பதைத் தெளிவாக்கும்.

*

செய்திகளுக்கு ஜே1939 ஒழுங்குமுறையை எடுத்துக்கொண்டேன். லொறிகளும் பெரிய இயந்திரங்களும் பேசுவது அதில்தான். வேகம் விநாடிக்கு 250 கிலோபிற். ஒயில் அமுக்கத்துக்கு அதில் ஒரு பைற். ஒரு படிக்கு 4 கிலோபஸ்கால். ஒரு பைற்றுக்குள் 0 முதல் 255 வரை எண்கள் அடங்கும். அளவுக்குக் கொடுத்திருப்பது 0 முதல் 250 வரை மட்டுமே. 100 என்றால் 4 பார், 250 என்றால் 10 பார். அதற்கு மேலுள்ள எண்களில் அளவு எதுவும் வராது. 254 வந்தால் பழுது. 255 வந்தால் இந்த அளவு இங்கே கிடைக்காது.

ஒரு செய்திக்கு எட்டு பைற்தான் இடம். அந்த நெருக்கத்துக்குள்ளும் தெரியாது என்பதற்கு ஒரு இருக்கை போட்டிருக்கிறார்கள். அதை அமைக்கும்போது கை சற்று நின்றது. நாங்கள் வாழ்நாளில் நிரப்பிய படிவங்களில் எத்தனை அப்படியோர் இடத்தை விட்டுவைத்தன? ஆம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி. இரண்டிலும் புள்ளடி போட முடியாதவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் வரம்புகள்: 0.25 வோல்ற்றுக்குக் கீழே போனால் 254. 4.75க்கு மேலே போனாலும் 254. அதற்குள் வருவதெல்லாம் அளவு.

*

தண்ணீரின் சூட்டுக்கும் ஒரு பைற்தான். ஆனால் அதில் 0 என்ற எண்ணுக்குப் பொருள் -40 பாகை. குளிர்நாடுகளையும் கணக்கில் எடுத்து அப்படி வைத்திருக்கிறார்கள். கார்களில் சூட்டுச் சென்சரைக் கழற்றிவிட்டுப் பரிசோதனைக் கருவியைச் செருகினால் -40 என்று காட்டுவதை மெக்கானிக்மார் பலர் கண்டிருப்பார்கள். கிளிநொச்சி வெயிலில் நிற்கும் வாகனத்தில் -40 என்றால் சிரித்துவிட்டு வயரைத் தேடலாம்.

சிரிக்கவைக்கும் பொய்யால் ஆபத்தில்லை. நம்பக்கூடிய பொய்க்குத்தான் காவல் வேண்டும். 0 பார் நம்பக்கூடியது. மூன்றேகால் பார் அதைவிட நம்பக்கூடியது.

*

எஞ்சின் சுற்றை அளக்க ஒல்ரனேற்றரின் பின்புறத்திலிருந்து ஒரு வயர் எடுக்கிறேன். அதன் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பு; எஞ்சினைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அது சுழல்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் விநாடிக்கு 300 துடிப்பு வரும்.

இங்கே அரை வோல்ற் போன்ற உதவி இல்லை. துடிப்பு நின்றால் எஞ்சின் நின்றிருக்கலாம், பெல்ற் அறுந்திருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே 0. ஒரு சாட்சியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. பக்கத்துச் சாட்சியைக் கேட்க வேண்டும்: சுற்று 0, ஆனால் ஒயில் அமுக்கம் 3 பார் என்றால் எஞ்சின் ஓடுகிறது, சுற்றைச் சொல்பவர்தான் போய்விட்டார். அந்த நிபந்தனையையும் எழுதிவைத்தேன். அமுக்கம் இருக்கும்போது வரும் பூச்சியச் சுற்றைப் பூச்சியமாகப் பதியாதே, பழுதென்று பதி.

*

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் மாரியில் செய்தியாகும். முழுக் கொள்ளளவு 36 அடி. அதை நெருங்கினால் வான்கதவு திறப்பார்கள், கீழே இருப்பவர்கள் சாமான்களை மேட்டுக்கு ஏற்றுவார்கள். குளங்களின் அளவுகோலில் பூச்சியம் பொதுவாகத் துருசின் அடிமட்டத்தில் வைக்கப்படும். 0 அடி என்று எழுதினால் இனி வயலுக்குத் தண்ணீர் பாயாது என்று பொருள். குளத்துக்குள் அப்போதும் தண்ணீர் நிற்கும், மீன் இருக்கும், கொக்கு வரும். கமக்காரனின் பூச்சியம் கொக்கின் பூச்சியமாக இருப்பதில்லை.

ஆகவே பதிவின் தலைப்பில் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் பூச்சியம் எங்கே இருக்கிறது என்று எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளையொன்று சில வருடங்களுக்குப் பிறகு இந்தக் கோப்பைத் திறக்கக்கூடும். ரக்டரைக் கண்டிருக்காது. அதன் சத்தத்தைக் கேட்டிருக்காது. எண்கள் மட்டுமே அதன் கையில் இருக்கும்.

*

வெற்றிடத்தை என்ன செய்வது என்று பதிவுக்கருவி ஒரு கேள்வி கேட்கும். செய்தி வராத நேரத்துக்குப் பூச்சியம் எழுதவா, கடைசியாக வந்த எண்ணையே தொடர்ந்து எழுதவா, வெறுமையாக விடவா?

பூச்சியம் எழுதினால் கணக்குக் கெடும். ஐம்பது நிமிடம் 4 பார், பத்து நிமிடம் செய்தி இல்லை என்று வைப்போம். வெறுமையை வெறுமையாக விட்டால் சராசரி 4. பூச்சியமாக்கினால் 3.33. எஞ்சினுக்கு இல்லாத நோய் ஒன்று வந்துவிடும். கடைசி எண்ணைத் தொடர்ந்தால் இன்னும் மோசம்: எப்போதோ செத்த சென்சர் அழகான நேர்கோடாகச் சுகமாயிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கும் அந்தக் கோடு பிடிக்கும்.

ஒரு விநாடிக்குள் செய்தி வராவிட்டால் வெறுமையாக விடு என்று அமைத்தேன். செய்தியோடு 0 முதல் 15 வரை ஒவ்வொன்றாகக் கூடிச் சுழலும் ஓர் எண்ணையும் மொடியூல் அனுப்புகிறது. அளவு மாறாமலிருந்தாலும் அந்த எண் மாறினால் ஆள் இருக்கிறார் என்று தெரியும்.

*

கான் பஸ்ஸில் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு பிற் நிரப்பப்படாமல் வரும். அதைக் கேட்டவர் நிரப்ப வேண்டும். செய்தி பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. விளங்கியதாகவோ ஒப்புக்கொண்டதாகவோ ஆகாது.

பிறருடைய வாகனத்தில் பதிவுக்கருவி பூட்டும்போது 'கேட்க மட்டும்' என்ற நிலையில் வைப்பது நல்ல பழக்கம். ஓடுகிற பஸ்ஸில் நாம் ஒரு பிற்கூடப் பேசக் கூடாது. ஆனால் இந்த ரக்டரில் இருப்பவர் இரண்டே பேர். ஒருவர் சொல்ல, மற்றவர் வாய்திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தால், சொன்னவருக்குத் தன்னை யாரும் கேட்டதாகவே தெரியாது. அதே செய்தியைத் திரும்ப அனுப்புவார். திரும்பவும் அனுப்புவார். அவருடைய பிழைக்கணக்கு ஏறி 128இல் நிற்கும். வேறு பிழைகள் மிதமிஞ்சினால் கருவி பஸ்ஸிலிருந்து தானே விலகிவிட வேண்டும் என்பது விதி. கேட்க ஆளில்லை என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் அப்படி விலக்குவதில்லை. சொல்லிக்கொண்டேயிருக்கலாம்.

பதிவுக்கருவியை அந்த நிலையிலிருந்து வெளியே எடுத்தேன். இனி அது கேட்டதற்குக் கேட்டேன் என்று சொல்லும்.

*

கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியோரம், கந்தசுவாமி கோயில். 2017 பெப்ரவரி 20இல் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதன் முன்னால் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் அமர்ந்தார்கள். ஆண்டுகள் போயின. பதில் கிடைக்காமலே இறந்துபோன பெற்றோரும் அவர்களில் உண்டு.

2010ஆம் ஆண்டின் சட்டமொன்று, ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய வழிசெய்தது. போர் முடிந்த 2009 மே மாதம் பிள்ளையைத் தன் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்ததாகச் சொல்லும் தாயிடம் மரணச் சான்றிதழை நீட்டினால் அவர் எப்படி வாங்குவார்? 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மரணம் என்று எழுதாமல், ஆள் காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் வந்தது. சொத்து, உதவித்தொகை போன்ற காரியங்களை மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே பார்க்கலாம். படிவத்துக்கு மூன்றாவது பெட்டி கிடைத்தது. அது சிறிய காரியமில்லை. ஆனால் கோயில் வாசலில் இருந்தவர்கள் கேட்டது வேறு பெட்டியை இல்லை. எங்கே என்று கேட்டார்கள்.

இதையும் மொடியூலையும் ஒரே கொப்பியில் எழுதலாமா என்று தயக்கமாக இருக்கிறது. ஒயிலுக்கும் பிள்ளைக்கும் ஒப்பு இல்லை. பதிவேட்டுக்கும் பதிவேட்டுக்கும் மட்டும் ஒப்பு உண்டு. 254 என்று எழுதிய பதிவேடு பொய் சொல்லவில்லை. அதன் நேர்மை அந்த அளவோடு நிற்கிறது. எங்கே அறுந்தது என்று பார்க்க ஒருவரும் போகாவிட்டால் அந்த நேர்மையே ஒரு மறைப்பாகிவிடும். எல்லாம் முறையாகப் பதிந்தாயிற்று என்று கோப்பை மூடிவைக்க அதுவே உதவும்.

*

இறுதி அமைப்பு: வேகம் 250 கிலோபிற். நான்கு அளவுகள். ஒயிலும் சுற்றும் விநாடிக்குப் பத்துத் தடவை, சூடும் பற்றரியும் விநாடிக்கு ஒரு தடவை. பழுதுக்கு 254, பூட்டாத உள்ளீடுகளுக்கு 255, செய்தி வராத நேரத்துக்கு வெறுமை. பூச்சியம் அளந்து வந்தால் மட்டும்.

மாத அறிக்கையில் ஒரு நிரலைக் கூட்டியிருக்கிறேன். 254 விழுந்த ஒவ்வொரு நாளுக்கும் எதிரே, ரக்டரடிக்குப் போய் வயரைப் பார்த்தவரின் பெயர், பார்த்த திகதி, கண்டது என்ன என்று எழுத வேண்டும். அந்த நிரல் நிரம்பாத மாதத்துக்குச் சராசரி போடுவதில்லை என்று அண்ணையிடமும் சொல்லியாயிற்று.