அது வேற கப்பல்

மூன்று வருடங்களாக நம் இளைஞர் முகாம்களில் ஒரே ஒரு படத்தைக் காட்டித்தான் என் பேச்சைத் தொடங்கி வந்தேன். கும்மிருட்டில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஒரு பாய்மரக் கப்பல். கயிறு, பாய்மரம் எல்லாவற்றிலும் பனி உறைந்துபோய், பார்க்க ஆவி மாதிரி இருக்கும். 1915 ஆகஸ்டில், தென்துருவத்தின் குளிர்கால இருட்டில், ஃபிராங்க் ஹர்லி என்பவர் கப்பலைச் சுற்றிப் பல இடங்களில் ஃபிளாஷ் பவுடரைக் கொளுத்தி எடுத்த படம். கப்பலின் பெயர் எண்டியூரன்ஸ். தலைவர் ஷாக்கிள்டன்.

"தம்பி, தங்கச்சிகளே! இந்தக் கப்பலைப் பனி நொறுக்கிருச்சு. கடலுக்கு அடியில போயிருச்சு. ஆனா இதுல இருந்த 28 பேர்ல ஒருத்தர்கூடச் சாகல. ஏன்? தலைவர் அப்படி!" என்பேன். கைதட்டல் வரும். அதற்கப்புறம் தலைமைத்துவம், குழு உணர்வு, விடாமுயற்சி என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

போன டிசம்பர், கிள்ளானில் நடந்த முகாமில் நான்காம் படிவம் படிக்கும் ஒரு தங்கச்சி கை தூக்கினாள். கையில் போன். "அண்ணா, இந்தப் பயணத்துல மூணு பேர் செத்துட்டாங்கன்னு போட்டிருக்கே?"

உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு முன்பே தெரியும். எங்கேயோ படித்திருந்தேன். என் பேச்சுக்குப் பொருந்தாததால் விட்டுவிட்டேன். "அது வேற கப்பல்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. போனை மூடிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வாடகை அறைக்குக் கம்யூட்டர் ரயிலில் திரும்பும்போது அந்தக் குனிந்த தலைதான் கண்முன்னே நின்றது. நான் சொன்னது பொய் இல்லை. அது வேறு கப்பல்தான். ஆனால் ஒரே பயணம்.

ஷாக்கிள்டனின் திட்டம், தென்துருவக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே கடப்பது. அவ்வளவு தூரத்துக்கும் வேண்டிய சாப்பாட்டைச் சுமந்துகொண்டு போக முடியாது. அதனால் மறுகரைக்கு அரோரா என்ற இன்னொரு கப்பலை அனுப்பினார். அதில் போனவர்களின் வேலை, ஷாக்கிள்டன் வரப்போகும் வழியில் சாப்பாட்டு மூட்டைகளைப் புதைத்து அடையாளம் வைப்பது. 1915 மே மாதம் புயலில் அரோராவின் கட்டு அறுந்து, கப்பல் பனியோடு சேர்ந்து போய்விட்டது. கரையில் மாட்டிக்கொண்டவர்கள் 10 பேர். துணிமணி, எரிபொருள், உணவு என்று பெரும்பகுதி இன்னும் கப்பலில்தான் இருந்தது. முன்னே வந்துபோன ஸ்காட் குழு விட்டுப்போனவற்றைப் பொறுக்கி, பழைய கூடாரத் துணியில் உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு, அப்படியும் வேலையை முடித்தார்கள். கடைசி மூட்டையை 1916 ஜனவரியில் வைத்தார்கள்.

அந்த நேரத்தில் எண்டியூரன்ஸ் மூழ்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஷாக்கிள்டன் மறுகரைப் பக்கம் வரவே போவதில்லை. தகவல் சொல்ல வழியும் இல்லை. வராத மனிதருக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், சொறிகரப்பான் நோயில் படுத்துவிட்ட ஸ்பென்சர்-ஸ்மித்தைப் பனிவண்டியில் வைத்துப் பல நாள் இழுத்தார்கள். மார்ச் 9-ஆம் தேதி அவர் போய்விட்டார். மே 8-ஆம் தேதி மெக்கின்டோஷ், ஹேவர்ட் இருவரும் மெல்லிய கடற்பனிமேல் நடந்து முகாமுக்குப் புறப்பட்டார்கள். பனிப்புயல் வந்தது. அவர்களை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. மிச்சம் ஏழு பேரை 1917 ஜனவரியில் அரோரா வந்து மீட்டது. அந்தக் கப்பலில் ஷாக்கிள்டனும் வந்திருந்தார். அவர் அவர்களை மறக்கவில்லை. மறந்தது நாம். தலைமைத்துவ வகுப்பு எடுக்கிற நாங்கள்.

ஏன் மறந்தோம்? நான் யோசித்த வரையில் முக்கியமான காரணம் ஒன்றுதான். ஹர்லியின் கேமரா எண்டியூரன்ஸில் இருந்தது.

ஹர்லி சாதாரண ஆள் இல்லை. மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள், உறைகிற தண்ணீரில் இறங்கிக் கண்ணாடித் தகடுகளை எடுத்தார். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அவரும் ஷாக்கிள்டனும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏறக்குறைய 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400 போலத் தகடுகளை உடைத்துப் போட்டார்கள். உடைத்ததற்குக் காரணம், பிறகு மனசு மாறித் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்பதுதான். இன்றைக்கு உலகம் பார்ப்பது அந்த 120-ஐயும், கையில் மிஞ்சிய ஒரு சின்னக் கேமராவில் அதற்குப்பின் எடுத்த கொஞ்சப் படங்களையும்தான். அதிலும் ஒரு வேலை நடந்தது. எலிஃபன்ட் தீவிலிருந்து ஷாக்கிள்டன் உதவி தேடிப் படகில் புறப்பட்டபோது கரையில் நின்றவர்கள் கையசைத்து வழியனுப்பிய படம் ஒன்று உண்டு. அதையே பிறகு திருத்தி, மீட்புக் கப்பல் வந்ததைப் பார்த்துக் கையசைக்கிற படமாகக் காட்டினார்கள். போவதை வருவதாக்கிவிட்டார்கள்! மீட்பு நடந்தது உண்மைதானே, படம் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். நானும் என் ஸ்லைடுக்கு அதே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொண்டேன்.

மறுகரையில் செத்துப்போன ஸ்பென்சர்-ஸ்மித்துக்கு இருந்த பொறுப்புகளில் ஒன்று என்ன தெரியுமா? அவர்தான் அந்தக் குழுவின் படப்பிடிப்பாளர்.

அந்த வாரக் கடைசியில் கிள்ளானில் வீட்டுக்குப் போயிருந்தபோது மடிக்கணினியில் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 85 வயசு. கண் சரியாகத் தெரியாது. "என்னப்பா கப்பல் அது?" சொன்னேன். "நாங்க வந்த கப்பலுக்கெல்லாம் படம் இருக்கா?"

இருக்கிறது. ரஜூலாவைத் தேடினால் நிறையவே வரும். நம் குடும்பங்களில் பலருக்கும் தெரிந்த பெயர். 1926-இல் கட்டியது, மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. மேல்தட்டுப் பயணிகள் மட்டுமே 5,000 பேருக்கு மேல் ஏற அனுமதி இருந்த கப்பல். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதுதான் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரம். பாட்டிக்குப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வேற கப்பல்பா. எங்கம்மா வந்தது இதுக்கு முந்தி."

அப்புறம்தான் அந்தக் கதை வந்தது. எங்கள் கொள்ளுப்பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. கடலில் காய்ச்சல் கண்டது. பினாங்கு வருவதற்குள் போய்விட்டது. துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். கொள்ளுப்பாட்டி அதற்கப்புறம் நம் தோட்டத்துக் கித்தாக் காட்டில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினார், ஏழு பிள்ளை பெற்றார், அந்தக் குழந்தையின் பெயரை மட்டும் வாயில் எடுக்கவே இல்லையாம். "பெரியவன்" என்றுதான் சொல்வார். பாட்டிக்குத் தன் மூத்த அண்ணனின் பெயர் தெரியாது. எந்தக் கப்பல், என்ன வருஷம் என்றும் தெரியாது.

ரஜூலாவுக்கு ரோனா என்று ஒரு உடன்பிறப்புக் கப்பல் இருந்தது. அதுவும் 1926, அதே பாதைக்காகக் கட்டியது. யுத்தத்தில் அதைப் படைவீரர்களை ஏற்றிச் செல்ல எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26-ஆம் தேதி, அல்ஜீரியாவுக்கு அப்பால் மத்தியதரைக் கடலில், ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோவால் இயக்கிய குண்டால் அதைத் தாக்கியது. 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்க வீரர்கள். யுத்த ரகசியம் என்று அந்த விவரங்களை வெகு காலம் வெளியே விடவில்லை. அந்தக் குடும்பங்கள் போராடி, 1996-இல் அமெரிக்காவில் நினைவுக்கல் எழுப்பினார்கள். நல்லது. அந்தக் கப்பலில் வேலை செய்த இந்தியர்கள் பயந்துபோய்த் தங்களுக்குப் படகு இறக்கிக்கொண்டார்கள் என்று தப்பி வந்த வீரர்கள் சிலர் பழி சொன்னார்கள். ஆனால் கப்பல் ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அன்றைக்கு இறந்துபோனார்கள். அந்தப் பழிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கடலுக்குள் இருந்தார்கள்.

இதையெல்லாம் நம் பிரிக்பீல்ட்ஸ் ஞாயிறு வகுப்பில் சொன்னபோது, கூட வகுப்பு எடுக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, இதுதான் கர்மயோகம். பலன் எதிர்பார்க்காம மூட்டை வச்சாங்க பாரு, கீதை சொல்றது அதைத்தானே?" அழகான பேச்சு. எனக்கு ஒப்பவில்லை. ஷாக்கிள்டன் வருவார், இல்லாவிட்டால் செத்துப்போவார் என்று எதிர்பார்த்துத்தான் அவர்கள் வைத்தார்கள். பலன் வேண்டாம் என்று ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது யோகம். அவன் உழைப்பில் நடந்து வந்தவன் அவனைப் பார்த்து "நீ பலன் கேட்காதவன்" என்று பட்டம் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. நம் தாத்தா பாட்டிகளைப் பற்றி மேடையில் பேசும்போது நாம் இதைத்தான் செய்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. "தியாகம் செய்தார்கள்" என்கிறோம். கொள்ளுப்பாட்டி அந்தக் குழந்தையை எதற்காகவும் தியாகம் செய்யவில்லை. அது செத்துப்போனது.

இன்னொரு நண்பன் நேராகவே கேட்டான். "செத்தவங்க படத்தைத் தேடி என்னடா செய்யப்போற? பிறப்புப் பத்திரம் இல்லாம, ஐசி இல்லாம, ஸ்கூல்ல சேர முடியாத பிள்ளைங்க இங்கேயே இருக்காங்க. அதைப் பாரு." இதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொல்வது சரி. மறுநாள் அவனோடு ஒரு வீட்டுக்குப் போனேன். பத்து வயசுப் பையன். அம்மா அப்பா பதிவுத் திருமணம் செய்யவில்லை, இப்போது அம்மா எங்கே என்று தெரியாது, எந்தக் கவுண்டருக்குப் போனாலும் வேறு ஒரு பாரம். அவன் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எதிரே உட்கார்ந்து சிரிக்கிறான், ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லை. அன்றைக்கு நான் நண்பனிடம் சொன்னது இவ்வளவுதான்: காகிதத்தில் இல்லாதவனை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவதற்கு நான் மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பழக்கம் கொடுத்திருக்கிறேன், ஸ்லைடு போட்டு.

2013-இல் ஒரு செய்தி வந்தது. அந்தப் பத்துப் பேரும் தங்கியிருந்த, ஸ்காட் கட்டிய குடிசையில், நியூசிலாந்துப் பராமரிப்புக் குழு ஒன்று பனியில் கட்டியாக ஒட்டிப்போன ஒரு பொதியைக் கண்டெடுத்தது. மெதுவாகப் பிரித்தால் 22 நெகட்டிவ்கள். ஏறக்குறைய நூறு வருஷம் கழுவப்படாமல் கிடந்த மறுகரைப் படங்கள். ஓரமெல்லாம் அரித்து, கறை படிந்து இருக்கின்றன. ஒன்றில் அரோராவின் மேல்தளத்தில் ஒருவர் நிற்கிறார். ஹர்லியின் படம் மாதிரி அழகு இல்லை. முகாமில் காட்டினால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

இந்த ஆடி அமாவாசைக்கு மோரிப் கடற்கரைக்குப் போனோம். பாட்டியும் வருவேன் என்று பிடிவாதம். அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தார். முடியும் நேரத்தில் பாட்டி ஐயரிடம் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டார். "பேர் என்னம்மா?" "தெரியாது சாமி." "என்ன வயசு?" "இடுப்புக் குழந்தை." அவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தர்ப்பணம் கிடையாது என்றார் ஐயர். பாட்டி ஒன்றும் பேசவில்லை. ஐயர் அப்பாவின் கையில் இன்னொரு முறை எள்ளும் தண்ணீரும் விட்டார். "கடைசியா ஒண்ணு விடுவோம்மா. தாய் தகப்பன், பங்காளி, பேர் சொல்ல ஆள்னு யாருமே இல்லாம போனவங்களுக்கு. அதுல நினைச்சுக்கோங்க." அப்பா விட்டார். பாட்டி கடலைப் பார்த்துக் கும்பிட்டார். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் தூரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

வரும் டிசம்பர் முகாமுக்கு ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எண்டியூரன்ஸ் படம் இருக்கும். பக்கத்தில் அந்த அரித்துப்போன படமும் இருக்கும். மூன்று பேரின் பெயரும் இருக்கும். போன வாரம் முகாம் ஆசிரியை மூலமாக அந்தத் தங்கச்சியிடம் பேசினேன். அன்றைக்கு நீ கேட்டது சரி, நான் சொன்ன பதில் சரியில்லை என்றேன்.

"தெரியும் அண்ணா" என்றாள். "நான் வீட்டுக்குப் போய் முழுசா படிச்சேன். அந்த ரெண்டு பேரோட உடம்பு கிடைக்கவே இல்லைல்ல?"

"இல்லைமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள், அந்தப் பகுதியை இந்த முறை அவளே பேசலாமா என்று.