நம்மவர் என்னும் வீடு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் இரு பொருள் தரும். மனிதன் குடியிருக்கும் மனையும் வீடு. ஜீவாத்மா சென்றடையும் மோக்ஷமும் வீடு. மனையென்று ஒன்றில் நிலைத்திராமல், நடந்துகொண்டே வாழ்கிறவர்களுக்கு வீடு எது? அவர்கள் தம்மை இன்னார் என்று எதைக் கொண்டு கூறுவார்கள்? உத்ஸவ காலத்தில் ஆஸ்திகர்கள் சிந்திக்கத்தக்க வினா இது. உத்ஸவம் என்பதே எம்பெருமான் தன் இருப்பிடம் விட்டு வீதிக்கு எழுந்தருளும் காலமன்றோ!

தேரோட்ட நாளில் வீதியோரத்தில் துணி விரித்துப் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களைத் தமிழகமெங்கும் காணலாம். கள்ளக்குறிச்சிச் சீமையும் இதற்கு விலக்கன்று. அவர்கள் தமக்குள் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி முதலிய வடபுல மொழிகளோடு உறவுடையது. இன்று பலர் காலனிகளில் குடியமர்ந்துவிட்டனர். ஆயினும், வியாபாரத்தின் பொருட்டு விழாதோறும் ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் முற்றும் நீங்கவில்லை. அக்குடும்பங்களின் தலையாய உடைமை ‘சாமி மூட்டை’. முன்னோர் வழிவந்த தெய்வப் பொருள்களைத் துணியில் பொதிந்து போற்றுவர். கூரை மாறும், ஊர் மாறும், மூட்டை மாறாது.

நிலைபெற்ற ஊரார் புதியவரிடம் முதலில் கேட்பது, ‘எந்த ஊர்?’ என்பது. தெளிந்த விடை கிடையாவிடில் ஐயம் பிறக்கும். ‘ஊர் இல்லாதவனுக்கு ஒழுக்கம் ஏது?’ என்னும் தீர்ப்பு அந்த ஐயத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இத்தீர்ப்பு ஸம்ப்ரதாயத்துக்கு உடன்பாடு ஆகுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ள திருக்கோவலூர் திவ்ய தேசம் இதற்கு விடை கூறும். பொய்கை, பூதம், பேய் என்னும் முதலாழ்வார்கள் மூவரும் ஓரிடத்தில் தங்காது திரிந்த யோகிகள் என்று குருபரம்பரை கூறும். மழையும் இருளுமாய் இருந்த ஓரிரவில், ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவும் மட்டுமே போதுமான இடைகழி ஒன்றில் அவர்கள் கூடினர். படுத்திருந்தவர் எழுந்து அமர்ந்தார். அமர்ந்த இருவரும் எழுந்து நின்றனர். நான்காவதாக ஒருவன் புகுந்து நெருக்கினான். அவன் உலகளந்த பெருமாள். மூவருலகும் ஈரடியால் அளந்தவனுக்கு விருப்பமான இடம், மூவர் நெருங்கி நின்ற அந்த இடைகழி! ஆங்கு இடம் பெரிதானது சுவரால் அன்று; தம் சுகத்தை ஒருவர்பின் ஒருவராக விட்டுக்கொடுத்த உள்ளத்தால்.

மாவட்டத்தின் மேற்கே எழும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களின் ஐதிகமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ‘மலையாளி’ என்பது இங்குக் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையில் வாழும் தமிழ்ப் பழங்குடியினரைக் குறிப்பது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பர். காஞ்சியில் இருப்புக் கொள்ளாத கரிராமன் என்னும் பெருமாள் அவ்வூரை விட்டு நீங்க, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் குடும்பத்தோடு அவனைப் பின்தொடர்ந்து வெவ்வேறு மலைகளை அடைந்தனர் என்று பழைய பதிவுகள் கூறும். இங்கு முதலில் ஊரை விட்டவன் தெய்வம், அடியார் பின்சென்றனர். அவன் நின்ற இடம் அவர்களுக்கு ஊராயிற்று.

தெய்வமே ஊர் நீங்கி அலைந்ததற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தபோது, பிள்ளை லோகாசாரியர் முதலானோர் அழகிய மணவாளனை மறைத்து எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறினர். காடும் மலையும் கடந்து, திருமலையிலும், பின்னர் செஞ்சியிலும் தங்கி, 1371-இல் கோபணாரியர் முயற்சியால் பெருமாள் திருவரங்கம் திரும்பினார். இடையே கழிந்தவை 48 ஆண்டுகள். அதற்குள் அங்கே வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. எது பழைய மூர்த்தி என்று ஐயம் எழுந்தபோது, பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகி, ‘இவரே நம்பெருமாள்’ என்றார் என்பது கோயில் ஐதிகம். அரை நூற்றாண்டு அலைச்சலுக்குப் பின் எம்பெருமானை இன்னார் என்று நிறுவியது பட்டயமும் அன்று, முகவரியும் அன்று; ‘நம்’ என்று உரிமையோடு அழைத்த எளியவர் ஒருவரின் சொல்லே. அதுவே இன்றளவும் அவன் திருநாமம்.

ஜீவனுக்கு ஸ்வரூபம் சேஷத்வம் என்பர் பெரியோர். ஒருவன் எங்கே இருக்கிறான் என்பது தேகத்தைப் பற்றியது. யாருக்கு உரியவன் என்பதே ஆத்மாவைப் பற்றியது. ஆகவே, ஊரின்றித் திரிவோருக்கு ஸ்வரூபத்தில் குறையேதும் இல்லை. ஆயின், இத்தத்துவத்தைச் சொல்லிவிட்டுக் கடமையிலிருந்து நழுவுதல் தகாது. ‘ஆத்மாவுக்கு ஊர் இல்லை’ என்பது, பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு விடையாகாது. மனை உடையவனே பிறனுக்கு மனை வேண்டா என்று வேதாந்தம் பேசுதல் எளிது!

2021-இல் திருக்கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியில் நரிக்குறவப் பெண்ணொருத்திக்கு இடம் மறுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. பின்னர் அறநிலையத்துறை அமைச்சரே அவ்விடத்தில் அவர்களோடு அமர்ந்து உண்டார். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-இல். நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். சட்டம் ‘இந்நாட்டவர்’ என்று எழுதித் தர 57 ஆண்டுகள் ஆயின. ‘நம்மவர்’ என்று சொல்ல ஊராருக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்? சான்றிதழ் அரசு தருவது. பந்தியில் இடம் பக்கத்தில் அமர்ந்தவன் நகர்ந்து தருவது.

பெருமாள் வீதிவலம் வருகையில், மாடவீட்டு வாசலில் நிற்பவரும் பாசிமணிக் கடை முன் நிற்பவரும் ஒரே தீபாராதனையைத் தொழுகின்றனர். அந்த ஒரு கணத்தில் ‘எந்த ஊர்?’ என்று கேட்பார் இல்லை. திருவிழா முடிந்து கொடியிறங்கிய பின்னும் அக்கணத்தைக் காத்துக்கொள்வதே உத்ஸவத்தின் பயன். இடைகழியில் இன்னும் ஒருவருக்கு இடம் உண்டு; எழுந்து நிற்க மனம் வேண்டும்.

ஸர்வே ஜநா: ஸுகிநோ பவந்து.