சுண்டெலியும் சாட்டைப்புழுவும்: ஆய்வறம் குறித்த ஒரு நோக்கு

மனிதரின் நோய் தீர்க்கப் பிறிதோர் உயிரை நோய்க்கு உள்ளாக்குதல் அறமாகுமா? குடற்புழுக்களுக்கு எதிரான நோயெதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுகளை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களைப் பற்றியுள்ளன என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்பெறுகிறது. மாத்திரை உள்ள புழுவை நீக்குமேயன்றி மீண்டும் தொற்றுவதைத் தடுப்பதில்லை. தடுப்பூசியும் மக்கள் பயன்பாட்டிற்கு வரவில்லை. ஆகவே, உடல் புழுவை எதிர்க்குமாற்றை அறிதல் இன்றியமையாததாகிறது. மனிதரைப் பற்றும் சாட்டைப்புழுவிற்கு நெருங்கிய இனமான டிரைக்யூரிஸ் மியூரிஸ், சுண்டெலியின் குடலில் இயல்பாக வாழ்வது. அதன் முட்டைகளை மிகுதியாக ஊட்டினால் பல வகைச் சுண்டெலிகள் புழுவை வெளியேற்றிவிடுகின்றன. குறைவாக ஊட்டினால் புழு நிலைத்துவிடுகிறது. புழுவை வெளியேற்றுவதில் இண்டர்லியூக்கின்-13 எனும் புரதத்திற்குள்ள பங்கு இத்தகைய ஆய்வுகளாலேயே தெளிவாயிற்று.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சிறிய ஆய்வுக்கூட விலங்குகளால் அதே முடிவு கிட்டுமெனின் பெரிய விலங்குகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்கிறது. இங்கு உருவமே அளவுகோலாகிறது. தொல்காப்பிய மரபியலோ உயிர்களை உருவால் அன்றி அறிவால் வகைப்படுத்துகிறது. அப்பகுப்பின்படி நோக்கின் எலியும் குதிரையும் ஐயறிவினவே. எனவே ‘சுண்டெலிதானே’ என்பது சமாதானமாகலாம்; நியாயம் ஆகாது.

ஆய்வை ஏற்போர் அதன் பயனைச் சுட்டுவர். அவ்வாறாயின் அப்பயன் மெய்யானதாதல் வேண்டும். ஆய்வுக்கூடச் சுண்டெலி தூய கூண்டில் வளர்ந்து, பெரும்பாலும் அளந்த முட்டைகளை ஒரே வேளையில் பெறுகிறது. சிற்றூர்க் குழந்தையோ மண்ணிலிருந்து சிறிது சிறிதாகப் பன்முறை பெறுகிறது. 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், திறந்தவெளி அடைப்பில் விடப்பட்ட சுண்டெலிகளிடம் கூண்டில் இருந்தவற்றைவிட மிகுதியான புழுக்கள் காணப்பட்டன. கூண்டு காட்டுவது முழு உண்மை அன்று என்பது இதனால் பெறப்படும்.

1959இல் ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவரும் மாற்றீடு, குறைப்பு, நோவுத்தணிப்பு என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். இவற்றைப் பின்பற்றினும், வாழ்சூழலைக் கருதாது வகுக்கப்பெறும் ஆய்வு உயிரை வீணாக்குகிறது. ஆகவே முறையியற்பிழை இங்கு அறப்பிழையுமாகிறது. குழந்தையின் நோயை நோக்க இவ்வாய்வு முற்றிலும் விலக்கத்தக்கதன்று. ஆயினும், நோவைத் தாங்கிய எலிக்கு அப்பயனில் பங்கில்லை. அதனை உரிமையாக அன்றிக் கடனாகக் கொள்வதே ஆய்வாளர்க்குரிய அறம் எனலாம்.