பார்த்தார், கற்றார்

போன வருஷம் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது, ட்ரிப்ஸ் ஏற்ற ஊசி குத்த நர்சிங் மாணவி ஒருத்தி வந்தாள். பக்கத்தில் சீனியர் சிஸ்டர். முதல் முறை நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாம் முறை ஊசி நரம்பைத் துளைத்து மறுபக்கம் போய், புறங்கை புடைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம். கூடவே ஒரு குறுகுறுப்பும்.

காரணம், நர்சிங் கல்லூரிகளுக்கான வீடியோ பயிற்சிச் செயலி ஒன்றில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் 90 சதவீதம் ஓடிவிட்டால் பச்சை டிக் விழும். கீழே ‘திறன் பெற்றார்’ என்று வரும். அந்த நிபந்தனையை எழுதியது நான்தான்.

வீடியோவைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு கட்டிலைச் சுற்றி முப்பது பேர் நின்றால் பின்வரிசைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். வீடியோவில் எல்லோருக்கும் முதல் வரிசை. ரப்பர் பட்டையை எங்கே கட்டுவது, ரத்தம் எட்டிப் பார்த்ததும் ஊசியின் சாய்வை எப்படிக் குறைப்பது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

ஆனால் வயதானவர்களின் தோலுக்கடியில் நரம்பு நழுவும். அது அமுங்கி எழும்புவதை விரல்தான் கற்க வேண்டும். ஒன்றைப் பற்றி அறிவதும், அதைச் செய்ய அறிவதும் வேறு வேறு என்று 1949-இல் கில்பர்ட் ரைல் பிரித்துக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், முதலாவது இரண்டாவதைப் போல வேஷம் போடும். 2018-இல் மைக்கேல் கார்டஸ், எட் ஓ’பிரையன் வெளியிட்ட ஆய்வில், மூன்வாக் போன்ற வித்தைகளை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு ‘நம்மாலும் முடியும்’ என்ற நம்பிக்கை கூடியது; திறமை கூடவில்லை. என் பச்சை டிக் அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த சான்றிதழ்.

பொம்மையில் பழகலாமே? 1911-இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் நர்சிங் மாணவிகளுக்காக ‘மிஸஸ் சேஸ்’ என்ற ஆளுயரப் பொம்மை வந்துவிட்டது. ஆனாலும் பொம்மைக்கு அடுத்து ஒரு மனிதக் கை இருந்தே ஆக வேண்டும். யாருடைய கை?

‘நீங்களே குத்துங்க சிஸ்டர்’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அந்தத் தவறு இல்லாமல் போயிருக்காது. அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கும், அப்படிச் சொல்ல ஆளில்லாத ஒருவரிடம். நான் கேட்கவிருந்தது நியாயம் அல்ல, விலக்கு.

அதற்குள் அம்மா மற்ற கையை நீட்டிவிட்டாள். “பரவால்ல கண்ணு, இதுல பாரு.” சீனியர் சிஸ்டர் அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து நரம்பின் மேல் வைத்தார். மூன்றாவது சரியாக இறங்கியது.

அம்மா தந்தது தானம். ஆனால் முதல் கையை யாரும் கேட்டு வாங்கவில்லை. “நான் படிச்சிட்டிருக்கேன்மா, குத்தலாமா?” இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீடியோ எதிலும் இல்லை. எல்லாமே ரப்பர் பட்டையில்தான் தொடங்கும்.

பார்த்தே கற்கக்கூடிய எதையும் இன்னொருவர் உடம்பில் கற்காமல் இருப்பது கடமை என்று நினைக்கிறேன். வீடியோவின் வேலை அவ்வளவுதான். அது சின்ன வேலையும் இல்லை. மிச்சத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மறுவாரம் அந்தத் திரையில் ‘திறன் பெற்றார்’ என்பதை அழித்துவிட்டு ‘பார்த்தார்’ என்று மாற்றினேன். மேனேஜர், “என்னப்பா, டல்லா இருக்கே?” என்றார். “உண்மை அவ்ளோதான் சார்” என்றேன்.