யார் செய்த பாவம்?



யோவான் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டதும் சீஷர்கள் என்ன கேட்டார்கள்? இவனுக்கு என்ன உதவி செய்யலாம் என்றா? இல்லை. பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்று விசாரித்தார்கள். ஆண்டவரோ இரண்டு பேருமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் சாகவில்லை. என் மகனுக்கு ஐந்து வயது. இரண்டரை வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான். பொம்மைக் காரின் சக்கரத்தை மணிக்கணக்காய்ச் சுற்றிக்கொண்டிருப்பான். "வயித்துல இருக்கும்போது என்ன செஞ்சீங்க சிஸ்டர்?" "குடும்பத்துல ஏதாவது சாபம் இருக்குதா?" "பிசாசுதான், உபவாசம் இருந்து துரத்துங்க." இப்படிச் சொன்னவர்கள் புறஜாதியார் அல்ல, நம்ம ஜனங்கள்தான்!

தேவபிள்ளையே, கவனி. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 11 பிள்ளைகளைக் குறித்து எழுதினார். பின்பு, தாயின் பாசம் குறைந்ததுதான் காரணம் என்று படித்தவர்களே தாய்மார்மேல் பழி போட்டார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-ல் அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். இது மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். வளர்ப்பினாலும் வருவதல்ல, தடுப்பூசியினாலும் வருவதல்ல. சாபமும் அல்ல, பிசாசும் அல்ல.

அப்படியானால் ஜெபம் வேண்டாமா? வேண்டும்! நாங்கள் தினமும் ஜெபிக்கிறோம். ஆனால் "விசுவாசம் இருந்தா டிரெயினிங் எதுக்கு?" என்று கேட்காதிருங்கள். ஆண்டவர் அந்தக் குருடனின் கண்ணில் சேற்றைப் பூசி, சீலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவச் சொன்னார். அவன் தடவித் தடவி நடந்து போனான். வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் பேச்சுப் பயிற்சிக்குப் போவதுதான் எங்கள் சீலோவாம். போன மாதம் என் மகன் தண்ணீர் டம்ளரைச் சுட்டிக்காட்டினான். மற்ற வீட்டில் அது சாதாரணம்; எங்கள் வீட்டில் அல்லேலூயா!

உங்கள் பிள்ளை ஒரு வயதாகியும் பேருக்குத் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லையா? "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்று காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள். நம் தேசத்தில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது; சான்றிதழ் வாங்குவது வெட்கம் அல்ல.

சபையாரிடம் ஒரு விண்ணப்பம். ஸ்பீக்கர் சத்தத்தில் பிள்ளை காதைப் பொத்தினால், அது ஆவிக்கு எதிர்ப்பு அல்ல. அந்தச் சத்தம் அவனுக்கு வலிக்கிறது. கதவோரம் ஒரு இடம் கொடுங்கள். திடீரென்று தலையில் கை வைக்காதிருங்கள். அவன் வெளியே ஓடினால், ஒரு சகோதரி கூடவே போய், தாயை அரைமணி நேரம் ஆராதிக்க விடுங்கள்.

அந்த அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள். பார்வையடைந்தவனை ஜெப ஆலயத்தார் புறம்பே தள்ளினார்கள். இயேசுவோ அதைக் கேள்விப்பட்டு அவனைக் கண்டுபிடித்தார். பிள்ளையின் கூச்சலுக்குப் பயந்து ஆராதனையை விட்டு நின்றுபோன குடும்பம் உங்கள் தெருவில் இருக்கலாம். இந்த ஞாயிறுக்குள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேள்வி கேட்கப் போகாதிருங்கள். கூட்டி வரப் போங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.